அடுத்த பட்டா எங்கே?



மல்லசமுத்திரத்தில் ஏலத்துக்கு வரும் பருத்தி மூட்டை எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று எந்த வியாபாரியும் கேட்பதில்லை. அந்தப் பருத்தியை எடுத்த பெண் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், "நீங்க என்ன ஆளுங்க?" என்றுதான் பேச்சே தொடங்குகிறது.

தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு 1950-ல் நடைமுறைக்கு வந்தது. டீக்கடையில் தனிக் குவளை வைத்தால் புகார் கொடுக்கலாம். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று பிரிந்து கிடக்கும் மனைகள் மீது யார் போய்ப் புகார் கொடுப்பது?

மனையில்லாத ஆதிதிராவிடர், அருந்ததியர் குடும்பங்களுக்கு அரசு பட்டா வழங்கியது. அதற்கு நிலம் எடுக்க 1978-ல் தனிச் சட்டமே வந்தது. ஓலைக்கூரை போய்க் கான்கிரீட் வீடு வந்தது பெரிய காரியம்தான். ஆனால் பல ஊர்களில் பழைய காலனியை ஒட்டியே நிலம் எடுத்தார்கள். சாதி போட்ட எல்லைக்கு அரசே அஸ்திவாரமும் போட்டுக் கொடுத்தது போல ஆயிற்று.

தென்னாப்பிரிக்காவிலும் இப்படித்தான். 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களின் பிள்ளைகள் டர்பன் நகரில் வேரூன்றி வாழ்ந்தார்கள். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரிக்கும் சட்டம் 1950-ல் வந்தது. 1960-களில் இந்தியக் குடும்பங்கள் பெயர்க்கப்பட்டு, சாட்ஸ்வொர்த் என்ற தனிப் பகுதிக்கு அனுப்பப்பட்டன. 1991-ல் அந்தச் சட்டம் ரத்தானது. சாட்ஸ்வொர்த்தில் இன்றும் பெரும்பான்மை இந்திய வம்சாவளியினர்தான். சட்டம் போனாலும், வீடும் பள்ளியும் கோயிலும் அங்கேயே அல்லவா இருக்கின்றன!

மாற்று வழி இல்லாமலில்லை. சிங்கப்பூர் அரசு 1989 முதல் தன் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1997-ல் சமத்துவபுரம் திட்டம் வந்தது. நூறு வீடுகளில் நாற்பது ஆதிதிராவிடருக்கு. மற்றவை பிற சமூகத்தாருக்கு. சுவரை ஒட்டிச் சுவராகக் குடியிருக்க முடியும் என்று அது காட்டியது. ஆனால் அவை புதிதாக எழுந்த குடியிருப்புகள். பழைய ஊரின் அமைப்பு அப்படியே நின்றுவிட்டது.

எனவே, மல்லசமுத்திரம் சுற்றுவட்டார நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிராமசபையில் வீட்டுமனைப் பட்டா பற்றிப் பேச்சு வரும். எத்தனை பேருக்கு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த இடத்தில் என்றும் கேளுங்கள். பள்ளிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் பக்கத்தில், ஊருக்குள்ளேயே மனை ஒதுக்கத் தீர்மானம் போடுங்கள்.