அடகு போன கோப்பை



இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கங்கள் என்றவுடன் நம் இளைஞர்களின் நினைவில் எழுவன மான்செஸ்டர், லிவர்பூல், இலண்டன் முதலிய பெருநகரங்களின் பெயர்களே. ஆனால் அந்நாட்டில் சிற்றூர்தோறும் ஒரு சங்கம் உண்டு. அங்கே ஆடுவோர் வாரம் முழுவதும் தச்சராகவும் ஆசிரியராகவும் கடைச் சிப்பந்திகளாகவும் உழைத்துவிட்டுச் சனிக்கிழமைப் பிற்பகலில் பந்தை உதைப்பவர்கள். ஆட்டத்திற்கென ஒரு சிறு தொகை கையில் சேரும்; அதைக் கொண்டு குடும்பம் நடத்த இயலாது. அரைத் தொழில்முறைச் சங்கங்கள் என்று இவற்றைக் கூறுவர். அத்தகைய சங்கம் ஒன்றின் கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதன் பெயர் வெஸ்ட் ஆக்லந்து டவுன். நியூசிலாந்திலுள்ள ஆக்லந்து நகரத்தோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டா.

இங்கிலாந்தின் வடகிழக்கில் டர்ஹாம் என்றொரு மாவட்டம் இருக்கிறது. அங்கே கான்லெஸ் என்னும் சிற்றாற்றின் கரையில், நீண்ட பசும்புல் திடல் ஒன்றைச் சுற்றி வீடுகள் அமைந்த ஊர் வெஸ்ட் ஆக்லந்து. 1825-ஆம் ஆண்டு ஸ்டாக்டன், டார்லிங்டன் நகரங்களுக்கிடையே இரயில் ஓடத் தொடங்கிய வரலாற்றைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த இரயில் பாதை இவ்வூர் வழியாகவே சென்றது. கான்லெஸ் ஆற்றின்மீது அதற்காக இரும்புப் பாலம் ஒன்றும் கட்டினார்கள். இரயில் வந்தது மனிதரை ஏற்றிச் செல்வதற்காக மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். நிலக்கரியை ஏற்றிச் செல்லவே அது முதன்மையாக வந்தது. ஊரின் ஆண்மக்களில் பெரும்பாலோர் பூமிக்குள் இறங்கிக் கரி வெட்டியே வாழ்ந்தனர். சூரியனைக் காணாத வேலை. வாரத்தில் ஒரு பிற்பகல் கிடைத்தால், திறந்த வெளியில் ஓடியாட வேண்டுமென்று அவர்களுக்குத் தோன்றியதில் வியப்பென்ன? 1893-இல் அவ்வூரில் கால்பந்துச் சங்கம் பிறந்தது.

இனிக் கதைக்குள் மற்றொருவர் நுழைகிறார். அவர் பெயரை அறியாத தமிழ் வீடு அரிது. எங்கள் வீட்டு அடுக்களையில் உப்பும் புளியும் வைக்கும் தகரப் பெட்டிகளுக்கிடையே மஞ்சள் நிறப் பெட்டி ஒன்று இருக்கும். அதன்மேல் எழுதியிருந்த பெயர் லிப்டன். கிளாஸ்கோ நகரில் மளிகைக் கடை வைத்து முன்னுக்கு வந்த தாமஸ் லிப்டன், 1890-இல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதென்னைத் தோட்டம் அவற்றுள் புகழ்பெற்றது. அங்கே கூடை சுமந்து கொழுந்து பறித்தவர்கள் தமிழகத்திலிருந்து கடல் கடந்து சென்ற நம் மக்கள். லிப்டனுக்கு விளையாட்டில் தீராத ஆசை. அமெரிக்கக் கோப்பை எனப்படும் பாய்மரப் படகுப் பந்தயத்தில் 1899 முதல் 1930 வரை ஐந்து முறை போட்டியிட்டு ஐந்து முறையும் தோற்றார். தாம் வெல்ல முடியாத கோப்பையைப் பிறராவது வெல்லட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, இத்தாலி நாட்டின் தூரின் நகரில் நடந்த பன்னாட்டுக் கால்பந்துப் போட்டிக்கு 1909-இல் ஒரு வெள்ளிக் கோப்பையை வழங்கினார். அந்த வெள்ளியில் மலைத் தோட்டத்துத் தமிழரின் வியர்வையும் ஒரு பங்கு என்பது என் எண்ணம்.

இத்தாலி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகள் தம் பெயர்பெற்ற சங்கங்களை அனுப்பின. இங்கிலாந்தின் கால்பந்துக் கழகமோ எவரையும் அனுப்ப மறுத்துவிட்டது. அதன் பின்னர் அழைப்பு எவ்வாறு இந்தச் சுரங்கத்து ஊரை வந்தடைந்தது? இதற்கு ஒரு வேடிக்கைக் கதை சொல்வார்கள். ‘டபிள்யூ. ஏ.’ என்ற இரண்டு எழுத்துக்களைக் கண்டு, அந்நாளில் உல்லிச் ஆர்சனல் என வழங்கிய இலண்டன் சங்கத்திற்குச் செல்ல வேண்டிய கடிதம் தவறிப்போய் வெஸ்ட் ஆக்லந்துக்கு வந்துவிட்டதாம். கேட்க இனிய கதைதான். ஆனால் ஆதாரமில்லாத கதை. இலண்டனார் இதனை விரும்பிச் சொல்வதைக் காணும்போது, ஏழை ஒருவன் விருந்துக்குப் போனால் அது தபால்காரனின் பிழையாகத்தான் இருக்கவேண்டும் என்று கருதும் மனப்பான்மை அதில் இல்லையா என்று எனக்கு ஐயம் எழுவதுண்டு.

அந்த ஆண்டு டர்ஹாம் மாவட்டத்திற்கு நல்ல ஆண்டன்று. பிப்ரவரி 16-ஆம் நாள் வெஸ்ட் ஸ்டான்லி என்னும் ஊரின் சுரங்கம் வெடித்து 168 பேர் மாண்டனர். தந்தையும் மைந்தனுமாக ஒரே குழியில் வேலை செய்த காலம் அது. அந்தத் துயரம் ஆறுமுன், ஏப்ரலில், வெஸ்ட் ஆக்லந்து ஆட்டக்காரர்கள் தூரினுக்குப் புறப்பட்டார்கள். சுரங்கத்தில் இறங்காத நாளுக்குக் கூலி கிடையாது. பயணச் செலவோ தம்முடையது. வீட்டுப் பொருள்களை விற்றும் கடன் வாங்கியும் சென்றதாக ஊரில் சொல்கிறார்கள். ஈஸ்டர் திருநாளில் ஸ்டுட்கார்ட்டு அணியை இரண்டுக்குச் சுழியம் என்ற கணக்கில் வென்றார்கள். மறுநாள் இறுதி ஆட்டத்தில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் அணியையும் அதே கணக்கில் வென்றார்கள். அணித்தலைவர் பாப் ஜோன்ஸ் கோப்பையை ஏந்தினார்.

1911-இல் மீண்டும் அழைப்பு வந்தது. மீண்டும் ஈஸ்டர், மீண்டும் கடன். சூரிச் அணி இரண்டுக்குச் சுழியமாகத் தோற்றது. இறுதி ஆட்டத்தில் எதிர்த்து நின்றது தூரின் நகரத்து யூவெண்டஸ். இன்று உலகமெங்கும் கோடிக்கணக்கான அன்பர்களை உடைய யூவெண்டஸ் அது. அந்த அணியைக் கரிவெட்டிகள் ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்தார்கள்! இங்கே நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். யூவெண்டஸ் அந்நாளில் இன்றைய மாமல்லன் அல்லன். 1897-இல் பள்ளி மாணவர் சிலர் கூடித் தொடங்கிய இளஞ்சங்கம். இதனையே ‘முதல் உலகக் கோப்பை’ என்று அவ்வூரார் கொண்டாடுவதும் பாசத்தால் விளைந்த மிகை. தூரினிலேயே 1908-இல் ஒரு பன்னாட்டுப் போட்டி நடந்திருக்கிறது. நாடுகளின் உலகக் கோப்பை பிறந்தது 1930-இல். எனினும் இருமுறை தொடர்ந்து வென்றமையால் லிப்டன் கோப்பை அவர்களுக்கே உரிமையாயிற்று.

வெற்றியோடு திரும்பியவர்களைக் கடன்காரர் எதிர்கொண்டனர். வீட்ஷீஃப் என்னும் பெயருடைய விடுதியை நடத்தி வந்த அம்மையார் சங்கத்திற்கு 40 பவுன் கொடுத்தார். ஈடாகக் கோப்பையை வாங்கி வைத்துக்கொண்டார். நாற்பது பவுன் என்பது சுரங்கத் தொழிலாளி ஒருவனின் பல மாதக் கூலி. மகள் திருமணத்திற்காக அடகுக் கடைக்குப் போன நகையின் கதை நம் நாட்டார்க்குப் புதிதன்று. திருப்பிவிடலாம் என்ற நம்பிக்கையோடுதான் எவரும் அடகு வைக்கிறார்கள். ஆனால் பழைய சங்கமே சில காலத்தில் கலைந்துபோயிற்று. பின்னர் வெஸ்ட் ஆக்லந்து டவுன் என்ற பெயரோடு அது மறுபடி எழுந்தபோதும் கோப்பை திரும்பவில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அது அடகிலேயே கிடந்தது.

இவ்விடத்தில் ஒன்றைக் கருத வேண்டும். அந்நாளில் இச்சங்கத்தார் கூலி பெறாத ஆட்டக்காரர்கள் என்ற வகுப்பைச் சேர்ந்தவர்கள். ஆட்டத்திற்குப் பணம் வாங்குவது இழிவு என்னும் கொள்கையை வகுத்தவர்கள் பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள். பரம்பரைச் சொத்து உள்ளவனுக்கு அது எளிய அறம். ஒரு நாள் வேலைக்குப் போகாவிடில் அடுப்பெரியாத வீட்டிலிருந்து வருபவனுக்கு அதே அறம் எத்துணைச் சுமை! ஆதலின் பிற்காலத்தில் ஆட்டம் முடிந்ததும் காலணிக்குள் இரகசியமாகச் சில காசுகளை வைத்துவிடும் வழக்கம் பல ஊர்களில் வளர்ந்தது. அதனைப் பொய் என்று ஏசினவர்கள் உண்டு. பொய்யை விளைவித்தது விதியே என்பது என் கருத்து. 1974-இல்தான் இங்கிலாந்துக் கால்பந்துக் கழகம் இந்த வேற்றுமையை ஒழித்தது. இன்று இச்சங்கத்தைப் போன்றவை தம் ஆட்டக்காரர்க்குச் சிறு தொகையை மறைவின்றிக் கொடுக்க இயல்வது அதனால்தான்.

ஒழிவதற்கு முன் அந்த ஆட்டம் ஒரு பெருங்காலத்தையும் கண்டது. 1954-இல் அமெச்சூர் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் டர்ஹாமின் இரண்டு சிற்றூர் அணிகளே மோதின: ஒன்று குருக் டவுன், மற்றொன்று நம் ஊருக்கு அண்டையிலுள்ள பிஷப் ஆக்லந்து. அதனைக் காண வெம்பிளி அரங்கில் ஒரு லட்சம் பேர் கூடினர். வெஸ்ட் ஆக்லந்துக்கும் நாள் வந்தது. 1960-இலும் 1961-இலும் வட பகுதியின் பழம்பெரும் நார்தர்ன் லீக்கில் முதலிடம் பெற்றார்கள். அதே 1960-இல் ஊரார் நன்கொடை திரட்டி, 100 பவுன் கொடுத்துக் கோப்பையை மீட்டார்கள்! அடுத்த ஆண்டு வெம்பிளிக்கே சென்று அமெச்சூர் கோப்பையின் இறுதி ஆட்டத்தை ஆடி, வால்தம்ஸ்டோ அவென்யூ அணியிடம் இரண்டுக்கு ஒன்றாகத் தோற்றார்கள்.

அதன் பின் கரியின் காலம் முடிவுற்றது. ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கங்கள் அடைபட்டன. டர்ஹாம் கரி நிலத்தின் கடைசிச் சுரங்கமான வேர்மவுத் 1993 டிசம்பரில் மூடப்பட்டது. அந்த இடத்தில் இன்று நிற்பது சண்டர்லந்து சங்கத்தின் கால்பந்து அரங்கம். வேர்மவுத் மூடப்பட்ட மறுமாதம், 1994 ஜனவரியில், வெஸ்ட் ஆக்லந்தின் தொழிலாளர் மன்றத்தில் வைத்திருந்த லிப்டன் கோப்பையைத் திருடர்கள் கொண்டு போயினர். அடகிலிருந்து மீண்டது களவிலிருந்து மீளவில்லை. அதனை உருக்கியிருந்தால் கிடைத்த வெள்ளியின் விலை எவ்வளவோ. ஊரார்க்குப் போனது வெள்ளியன்று.

பழைய வடிவத்தையே நோக்கி மற்றொரு கோப்பையைச் செய்வித்து ஊரில் வைத்தார்கள். நூற்றாண்டு நிறைந்த 2009-இல் சங்கத்தார் மறுபடியும் தூரினுக்குச் சென்று யூவெண்டஸின் இளைஞர் அணியோடு ஆடினார்கள். இம்முறை வெற்றி யூவெண்டஸுக்கு. 2012-இலும் 2014-இலும் சிறு சங்கங்களுக்குரிய வேஸ் கோப்பையின் இறுதி ஆட்டத்திற்காக வெம்பிளிக்குப் போய் இருமுறையும் தோற்றுத் திரும்பினார்கள். இடையே 2013-இல் ஊர்நடுப் புல்திடலில், தூரினுக்குப் போன அந்தக் கரிவெட்டிகளின் நினைவாக ஒரு சிலையை நிறுவியிருக்கிறார்கள்.