நகையை யாரிடம் ஒப்படைப்பது?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



நம் இல்லங்களில் அடிக்கடி நிகழும் ஒரு சிறு காரியத்தை இந்த ஜும்ஆவில் எடுத்துக்கொள்வோம். தாயார் அணிந்திருந்த இரண்டு பவுன் சங்கிலி மகளுக்கு வருகிறது. அதன் நீளம் 24 அங்குலம். மகளுக்கு 20 அங்குலம் போதும். வீட்டில் ஒருவர் அதை வாங்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறார். எடை பார்க்கவில்லை, கூலி பேசவில்லை, சீட்டு வாங்கவில்லை. சங்கிலி திரும்பி வந்த பிறகு, "கனம் குறைந்தது போல இருக்கிறதே" என்று ஒரு பேச்சு எழுகிறது. ஆசாரியார் மீது சந்தேகம். கொண்டு சென்ற மைத்துனர் மீதும் சந்தேகம். சில கிராம் பொன்னுக்காகப் பல்லாண்டு உறவு கசந்துபோகிறது. ஆதாரமின்றித் தீய எண்ணம் கொள்வதைத் திருக்குர்ஆன் தடுக்கிறது. அந்தப் பாவத்தில் விழாதிருக்க, கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை உண்டு.

முதலில், நகை யாருடையது?

மஹராகவோ, அன்பளிப்பாகவோ, வாரிசுப் பங்காகவோ ஒரு பெண்ணுக்கு வந்த நகை அவளுடைய சொத்து. அதைக் குறைப்பதா, கூட்டுவதா, யாரிடம் கொடுப்பது என்பதெல்லாம் அவள் முடிவு. கணவர் ஆலோசனை சொல்லலாம். அவள் மனமொப்பாமல் வெட்டவோ மாற்றவோ அவருக்கு உரிமையில்லை. தாயார் காலமாகி, வாரிசுகளுக்குள் பங்கு பிரிக்கப்படாத நகை என்றால் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். மெளத்தான வீட்டில் "இது அக்காவுக்குத்தானே" என்று பேச்சளவில் முடித்துவிட்டு, வெட்டியும் விடுவது நம்மிடையே உள்ள குறை.

இரண்டு தகுதிகள்

யாரிடம் கொடுப்பது என்பதற்கு மூஸா (அலை) அவர்களின் வரலாற்றில் வழிகாட்டல் இருக்கிறது. மத்யன் நகரில் இரு பெண்களின் ஆடுகளுக்கு அவர்கள் நீர் புகட்டினார்கள். பின்னர் அப்பெண்களில் ஒருவர் தம் தந்தையிடம், இவரை வேலைக்கு அமர்த்துங்கள் என்று கூறியபோது இரண்டு காரணங்களைச் சொன்னார்: ஆற்றல், நம்பகம். இதைத் திருக்குர்ஆனின் 28ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. ஆற்றல் மட்டும் இருந்து நாணயம் இல்லாதவர் பொருளைக் குறைப்பார். நாணயம் மட்டும் இருந்து கைத்திறன் இல்லாதவர் பொருளைக் கெடுப்பார்.

"நம்மவரிடம்தான் கொடுக்க வேண்டுமா?" என்று சிலர் கேட்பதுண்டு. அலீ (ரலி) அவர்கள் தமது வலீமா செலவுக்காக இத்கிர் புல் கொண்டுவந்து பொற்கொல்லர்களுக்கு விற்க எண்ணியபோது, தம்முடன் வருவதற்கு பனூ கைனுகா யூதக் குலத்தைச் சேர்ந்த பொற்கொல்லர் ஒருவரிடம் பேசி வைத்திருந்தார்கள். இது புகாரியில் பதிவாகியுள்ளது. ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியாக அமர்த்திய அப்துல்லாஹ் இப்னு உரைகித் அன்று முஸ்லிமாக இருக்கவில்லை. வழியை நன்கறிந்தவர், நம்பத்தக்கவர் என்பதால் ஒட்டகங்களே அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. எனவே தலைமுறை தலைமுறையாகப் பட்டறை வைத்திருக்கும் நாணயமான ஆசாரியாரிடம் கொடுப்பதில் தயக்கம் வேண்டாம்.

வேலையை அறிந்து கொடுங்கள்

எல்லாச் சங்கிலியும் ஒன்றல்ல. கெட்டியான கண்ணிகள் கொண்ட சங்கிலியை அனுபவமுள்ள எந்த ஆசாரியாரும் குறைத்துப் பற்றவைத்துவிடுவார். நூல்போன்ற மெல்லிய சங்கிலியில் தீ சற்று மிகுந்தாலும் பக்கத்துக் கண்ணிகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அவ்விடம் விறைத்துப்போய்ப் பின்னர் முறியும். இயந்திரத்தில் செய்த, உள்ளே கூடான சங்கிலி இன்னும் கடினம். அதற்கு லேசர் கருவி உள்ள பட்டறையை நாடுவது நலம். ஆகவே, "இதே வகைச் சங்கிலியில் நீங்கள் வேலை செய்ததுண்டா?" என்று கேளுங்கள்.

பெரிய கடையில் கொடுத்தாலும் வேலை வேறொரு பட்டறைக்குப் போகலாம். செய்பவர் யார் என்று கேட்பது உங்கள் உரிமை. நீங்களே செய்து தர வேண்டும் என்று நிபந்தனையிட்டு ஒப்புக்கொண்டால், அவர் அதை வேறொருவரிடம் மாற்றிவிடக் கூடாது என்பது ஃபிக்ஹு சட்டம்.

கேட்மியம் கலந்த பற்றுப்பொடி வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அதன் புகை, வேலை செய்பவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நம் கழுத்து அழகுக்காக இன்னொருவர் உடல் கெடலாகாது.

வெட்டாமலே முடியுமா என்றும் பாருங்கள். 20ஆம் அங்குலத்தில் ஒரு சிறு வளையம் சேர்த்தால், கொக்கியை அதில் மாட்டிக்கொள்ளலாம். நாளை பேத்திக்கு முழு நீளமும் கிடைக்கும்.

எடையும் எழுத்தும்

இரண்டு பவுன் என்பது 16 கிராம். கொக்கியின் எடையைத் தனியே பார்க்காவிட்டால், 24 அங்குலத்தில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 0.67 கிராம் வரும். நான்கு அங்குலம் வெட்டினால் ஏறத்தாழ 2.67 கிராம், அதாவது பவுனில் மூன்றில் ஒரு பங்கு. இது சிறு துண்டல்ல. கேட்டு வாங்க வேண்டிய பொருள். கொடுக்கும் முன் எடை, வந்த பின் எடை, வெட்டிய துண்டின் எடை ஆகிய மூன்றையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். அராவும்போது சிறிது தூள் போவது இயல்பு. சேதாரம் எவ்வளவு என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஹால்மார்க் முத்திரை கொக்கியருகே சிறு தகட்டில் இருந்தால், அப்பகுதியை வெட்டாமல் காக்கச் சொல்லுங்கள். 2023 ஏப்ரல் முதல் இந்தியாவில் ஹால்மார்க் நகைகள் ஆறு இலக்க அடையாளக் குறியீட்டுடனேயே விற்கப்பட வேண்டும். அக்குறியீட்டையும் எழுதி வையுங்கள்.

கருகமணியோ முத்தோ கோத்த சங்கிலியானால் பொன்னின் எடை தனியே தெரிய வேண்டும். ஃபளாலா இப்னு உபைத் (ரலி) அவர்கள் கைபர் போரின்போது பொன்னும் மணிகளும் கோத்த கழுத்தணி ஒன்றை 12 தீனாருக்கு வாங்கினார்கள். பிரித்துப் பார்த்தால், பொன் மட்டுமே 12 தீனாருக்கு மேல் இருந்தது. பிரித்தறியாமல் விற்கலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் கூறிவிட்டார்கள். இது முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

வெட்டிய பொன்னை என்ன செய்வது?

"துண்டைக் கூலியாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று எடையறியாமல் சொல்லிவிடாதீர்கள். கூலியைப் பணமாக, முன்பே பேசி முடியுங்கள். துண்டைக் கொடுத்து மகளுக்குத் தோடு வாங்க நினைத்தால், பழைய பொன்னுக்குப் புதிய பொன் என்று எடை ஏற்றத்தாழ்வுடன் மாற்றுவது வட்டியாகிவிடும். துண்டை விற்றுப் பணத்தைக் கையில் வாங்குங்கள். பிறகு தோட்டைத் தனியே விலை பேசி வாங்குங்கள். மட்டமான பேரீச்சம்பழம் இரண்டு ஸாவு கொடுத்து நல்லது ஒரு ஸாவு வாங்கிய பிலால் (ரலி) அவர்களுக்கு, முதலில் அதை விற்று, அந்தக் கிரயத்தில் நல்லதை வாங்குமாறு நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி இதுவே. சங்கிலியை நீளமாக்கப் பொன் சேர்ப்பதானால், சேர்க்கும் பொன்னின் விலையைக் கடன் வைக்காமல் உடனே கொடுத்துவிடுங்கள்.

சேதமானால்?

ஹனஃபி மத்ஹபில், கைவினைஞரின் வேலையாலேயே பொருள் கெட்டால் அவர் ஈடு செய்ய வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, அவரது கவனக்குறைவோ வரம்புமீறலோ இருந்தால்தான் ஈடு. ஆகவே சங்கிலி பழையது, தேய்ந்தது என்றால் அதை மறைக்காமல் முன்பே சொல்லுங்கள். அவரும், "இதற்கு நான் பொறுப்பேற்க இயலாது" என்று முன்பே சொல்லட்டும். வேலை முடிந்ததும், வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

சகோதரிகளே! எடை பார்த்து எழுதிக் கொடுப்பதை அவநம்பிக்கை என்று எண்ண வேண்டாம். கடனையே எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அந்தச் சீட்டு உங்கள் பொன்னைக் காக்கும். ஆசாரியாரின் பெயரையும், எடுத்துச் சென்ற உறவினரின் மானத்தையும் சேர்த்தே காக்கும்.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைப்பவர்களாகவும், பிறர் மீது வீண் சந்தேகம் கொள்ளாதவர்களாகவும், ஹலாலான பொருளில் நிறைவு காண்பவர்களாகவும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.