கோட்டையோடு நின்றுவிடலாமா?



போலந்து நாட்டுக் கிராக்கோ நகரிலே, கசிமியெர்ஸ் என்னும் பழைய யூதர் குடியிருப்பை வழிகாட்டிகள் வருவோர்க்குக் காட்டுகின்றனர். தொழுகைக் கூடங்கள் நிற்கின்றன. தொழுதவர்களிற் பெரும்பாலோரை நாஜிகள் கொன்றொழித்தனர். அத்துயரை அந்நகர் வீதிவீதியாகச் சொல்லுகிறது.

எமது புளியந்தீவிலே நாம் எதைக் காட்டுகிறோம்? கோட்டையை. 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1638இல் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் கைப்பற்றியது. காணி அலுவலாக எம் உழவர் ஏறி இறங்கிய கச்சேரியும் நெடுங்காலம் அதற்குள்ளேதான் இருந்தது. அத்தோடு சுற்றுலா முடிந்துவிடுகிறது!

கடலை யார் காட்டுவது? 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானியர் திருகோணமலையிற் குண்டு பொழிந்தனர். முன்னிரவே அத்துறைமுகத்தை நீங்கிய ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலையும் அவர்களது விமானங்கள் எமது கரைக்கப்பால் மூழ்கடித்தன. விமானந்தாங்கி என்பது பெயர். அன்று அதில் ஒரு விமானமேனும் இல்லை! 307 பேர் மாண்டனர். வாம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரியும் உடன் அமிழ்ந்தது. தப்பியோரில் ஏறத்தாழ 600 பேரை வீற்றா என்ற மருத்துவக் கப்பல் மீட்டது.

ஹேர்மிஸ் இன்றும் 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திற் கிடக்கிறது. அதனைச் சுழியோடிப் பார்க்க வெளிநாட்டார் வருகின்றனர். எம் பிள்ளைகளுக்கோ சுழியோடவும் வேண்டியதில்லை. கோட்டையிலே தொடங்கி, கல்லடிப் பாலத்தைக் கடந்து, கடற்கரையிலே முடியும் ஒரு நடை போதும். வரும் ஏப்ரல் 9ஆம் நாளே ஆசிரியர்கள் அதனைத் தொடங்கலாமன்றோ?