நேத்து குடிச்சிட்டேன், இன்னைக்கு வரலாமா?



தென்மாவட்டம் ஒன்றில், குடிநோய்க்குச் சிகிச்சை தரும் புறநோயாளிகள் பிரிவில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். எங்கள் வாசலில் சிலர் ஓ.பி. சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே வராமலே நிற்பார்கள். காவலாளியிடம் மெதுவாகக் கேட்பார்கள்: "அண்ணே, நேத்து ராத்திரி குடிச்சிட்டேன். இன்னைக்கு உள்ள போகலாமா?" அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். யார் எவர் என்று தெரியாதபடி விவரங்களை மாற்றியே சொல்கிறேன்.

குடியை நிறுத்தச் சிகிச்சை என்றாலே ஒரு மாதம் வார்டில் படுக்க வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-ல் வெளியான ஆய்வைப் பாருங்கள். குடிநோயாளிகளில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். வார்டில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். அத்தனை பேருக்கும் கட்டில் போட எந்த ஊரிலும் இடம் கிடையாது. பெரும்பாலானவர்கள் வந்து, பேசி, மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்த்தான் தேற வேண்டும்.

ஆனால் யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்பதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். தினமும் காலையிலிருந்தே குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாள் கழித்து, சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சிலர் பிதற்றுவார்கள். வீட்டில் பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்குக் கூட்டிப் போவார்கள். உயிரையே எடுக்கக்கூடிய நிலை அது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மதுக்கடைகள் மூடியபோது இப்படித் தவித்தவர்கள் எத்தனையோ பேர். ஆகவே, "நாளையிலிருந்து ஒரு சொட்டுகூடத் தொட மாட்டேன்" என்று வீட்டில் ஒருவர் சத்தியம் செய்தால், சந்தோஷப்படுங்கள்; அன்றைக்கே மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "தெரியாம மாவுல கலந்து குடுக்குற மாத்திரை இருக்காமே, அதை எழுதிக் குடுங்கம்மா" என்று மனைவிமார் கேட்பார்கள். டைசல்ஃபிராம் என்ற மாத்திரை அது. 1940-களில் டென்மார்க்கில் அதைக் குடற்புழுவுக்கு மருந்தாகுமா என்று சோதிக்கத் தாங்களே விழுங்கிய ஆராய்ச்சியாளர்கள், மது அருந்தியதும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து அவதிப்பட்டார்கள். அப்படித்தான் அது குடிநோய்க்கு வந்தது. தெரிந்து, சம்மதித்து, கண்காணிப்போடு சாப்பிடுகிறவருக்கு அது துணை. தெரியாமல் கொடுத்தால், அதன் மேல் அவர் குடிக்கும்போது இதயம் நின்றுபோகக்கூடும். தாய்மாரே, அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

சரி, என் வேலைக்கு வருகிறேன். வார்டில் கதவு உண்டு. மாத்திரையை நர்ஸ் கையில் கொடுப்பார். ஓ.பி.க்கு வருகிறவரோ மதியம் பன்னிரண்டு மணிக்கு வெளியே போய், அதே பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அதே டாஸ்மாக் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அதனால் எங்கள் பேச்சில் பாதி, வழியைப் பற்றியதாகவே இருக்கும். எந்தத் தெரு வழியாகப் போவீர்கள்? சனிக்கிழமை சம்பளத்தை யார் கையில் வாங்குகிறீர்கள்? உங்களைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போகிறவர் யார்? ஒரு கொத்தனார் தன் சம்பளத்தை நேராக மனைவி கணக்குக்கே அனுப்பச் சொல்லி மேஸ்திரியிடம் பேச மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். அதைச் சொல்ல அவ்வளவு கூச்சம். மூன்று வாரமும் அந்த ஒரு பேச்சையே நாங்கள் ஒத்திகை பார்த்தோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு லாரி ஓட்டுநரிடம் கல்லீரல், பிள்ளைகள் படிப்பு, கடன் என்று அரை மணி நேரம் பேசினேன். "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று தலையாட்டினார். அப்புறம் வரவே இல்லை. அவர் உட்கார்ந்திருந்த அந்த நாற்காலி இன்னும் என் மனதை உறுத்துகிறது. அவருக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்லவில்லை. அவரிடம் ஒன்றையும் நான் கேட்கவும் இல்லை.

இப்போது நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எப்பவாவது மாலை போட்டிருக்கீங்களா?" நம் ஊரில் பாதிப் பேர் போட்டிருப்பார்கள். சபரிமலைக்கு 48 நாள். முகம் சட்டென்று மலரும். "அந்த 48 நாளும் தொட்டதில்லைம்மா." எப்படி முடிந்தது என்று கேட்டால், சாமி பயம் என்பார்கள். விடாமல் கேட்டால் மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வரும். விடியற்காலைக் குளியல். சாயங்காலம் ஆறு மணிக்குப் பூஜை. குடிக்கப் போகிற நேரமும் அதுதான். கூட்டாளிகள் தாங்களே ஒதுங்கிக்கொள்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, ஊரே அவரைச் "சாமி" என்று கூப்பிடும். கடைத்தெருவில் மரியாதை, வீட்டில் மரியாதை. மாலையைக் கழற்றிய அன்றைக்கு அந்த மரியாதையும் கழன்றுவிடுகிறது. அன்று சாயங்காலமே குடித்தேன் என்று சொல்லித் தலை குனிகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த 48 நாளிலிருந்து எதைக் கையோடு எடுத்து வரலாம் என்று சேர்ந்து தேடுவோம். கொத்தனாருக்குக் கிடைத்தது ஆறு மணி. அந்த நேரத்தில் மகளை டியூஷனிலிருந்து கூட்டி வருகிற வேலையை அவரே ஏற்றுக்கொண்டார்.

வீட்டிலிருப்பவர்களின் வலி தனி. கணவர் உள்ளே நுழைந்ததும் "எங்கே, வாயை ஊதுங்க" என்பார் மனைவி. இருபது நாள் குடிக்காதவருக்கு அது அறை விழுந்த மாதிரி இருக்கும். பத்து வருடம் ஏமாந்த மனைவிக்கோ அதைக் கேட்காமல் நெஞ்சு ஆறாது. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மனைவி கேட்பதற்கு முன் கணவரே சொல்லிவிடுவது என்று ஒரு ஒப்பந்தம் போட வைப்போம். அந்தம்மாவையும் தனியாக உட்காரவைத்துப் பேசுவேன்; தூக்கமில்லாமல், மன அழுத்தத்தில் கிடப்பவர் சில நேரம் அவராகத்தான் இருப்பார். யாரிடம் பேசுவதென்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். அரசு நடத்துவது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கொத்தனார் எழுபது நாள் குடிக்கவில்லை. அதன் பிறகு ஒரு வியாழக்கிழமை வாசலில் நின்றவர் அவர்தான். நானே எழுந்து போய் அழைத்து வந்தேன். பெரியப்பா கேதத்துக்குப் போயிருக்கிறார். சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் யாரோ டம்ளரை நீட்டியிருக்கிறார்கள். "எல்லாம் போச்சும்மா" என்றார்.

ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த "எல்லாம் போச்சு" என்ற எண்ணத்தைத்தான் கூர்ந்து ஆராய்ந்தார். முதல் டம்ளர் ஒரு சறுக்கல். எல்லாம் போய்விட்டது என்ற குற்ற உணர்ச்சிதான் அடுத்தடுத்த டம்ளர்களை ஊற்றிக் கொடுக்கிறது.

நாங்கள் அந்த நாளை மணி மணியாகப் பிரித்துப் பார்த்தோம். யார் நீட்டியது, எத்தனை மணிக்கு, காலையிலிருந்து சாப்பிட்டாரா. சாப்பிடவில்லை. இரண்டு நாள் குடித்திருக்கிறார்; மூன்றாம் நாள் தானாகவே நிறுத்தியிருக்கிறார். முன்பெல்லாம் ஒரு கேதம் என்றால் ஒரு மாதம் போகும் என்று அவரே சொன்னார். அடுத்த முறை மச்சானோடு போவது, முடிந்ததும் அவரோடேயே வீடு திரும்புவது என்று பேசிக்கொண்டோம். மருத்துவரையும் பார்த்துவிட்டு வந்தார்.

கிளம்பும்போது, அடுத்த தேதி எழுதும் நோட்டை நீட்டினார்.

"அடுத்த வியாழனாம்மா?"

"வியாழன்தாங்க."

"அதுக்குள்ள திரும்ப இப்படி ஆயிருச்சுன்னா?"

"அப்பவும் வியாழன்தாங்க."

தேதியை அவரே எழுதிக்கொண்டார்.