பழத்தின் இனிப்பும் பனங்கட்டியும்



ஆடி மாதக் கடைசி தொடங்கிப் புரட்டாதி வரையில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் பனங்கூடல்களிலே பழம் விழும் காலமாகும். முன்னைய தலைமுறையினர், பொழுது புலருமுன்னரே கடகத்தைத் தூக்கிக்கொண்டு பனையடிக்கு ஓடினர். பிந்திப் போனவருக்குப் பழம் கிடைப்பதில்லை. இன்றோ, விழுந்த பழம் விழுந்த இடத்திலேயே கிடக்க, மாடுகள் அதனைச் சூப்பித் திரிவதைப் பல ஊர்களிற் காணலாம். அதே ஊர்களில், பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளையின் காலையுணவு கடையில் வாங்கிய இனிப்பு விசுக்கோத்து நான்கும், இரண்டு கரண்டி சீனியிட்ட தேநீரும் என்றாகிவிட்டது. வாசலில் இருக்கும் இனிப்பை மாட்டுக்கு விட்டுவிட்டு, கப்பலில் வரும் இனிப்பைக் காசு கொடுத்து வாங்குவது விந்தையான சிக்கனந்தான்.

மாவைக் கரைத்துக் கல்லிலே சுட்டெடுக்கும் பண்டத்தை ஆங்கிலேயர் பான்கேக் என்றனர். இலங்கையில் அது தேங்காய்ப்பூவும் கித்துள் பாணியும் உள்ளே வைத்துச் சுருட்டப்பட்டுத் தேநீர்க் கடைவரையிலும் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால், பழத்தையே மாவிற் கலந்து சுடும் வகைதான் பிள்ளைகளுக்கு மிகவும் ஏற்றது. அதற்குச் சீனி அதிகம் வேண்டியதில்லை. ஏன் வேண்டியதில்லை என்பதை அறிந்துகொண்டால் செய்முறை தானாகவே விளங்கிவிடும்.

வாழைக்காயில் நிறைந்திருப்பது மாச்சத்து. காய் பழுக்கப் பழுக்க, அம்மாச்சத்தே வெல்லமாக மாறுகின்றது. தோலில் கரும்புள்ளிகள் படர்ந்து, கடைக்காரர் மலிவாகத் தள்ளிவிடும் நிலையிலுள்ள பழமே இனிப்பு மிகுந்தது. கதலியாயினும் கப்பலாயினும் இதரையாயினும் இவ்விதி ஒன்றே. அரைப்பழமாக இருப்பதை அவசரப்பட்டு மசித்துவிட்டு, இனிப்புப் போதவில்லையென்று சீனியைக் கொட்டுவதே பெரும்பாலான அடுக்களைகளில் நிகழும் தவறு.

நன்கு கனிந்த கப்பல் வாழைப்பழம் இரண்டு, அல்லது சிறிய கதலிப்பழம் நான்கு எடுத்துக் கையால் மசித்துக்கொள்ளவேண்டும். குரக்கன் மா அரைக் கோப்பை, கோதுமை மா அரைக் கோப்பை, முட்டை ஒன்று, உப்புச் சிட்டிகை, ஏலக்காய்ப் பொடி சிறிது, அப்பச் சோடா ஒரு சிட்டிகை. குரக்கனை மட்டும் போட்டாற் பண்டம் விரிந்து உதிர்ந்துபோகும். பாதிக்குப் பாதி கோதுமை மா சேர்வதால் அது கட்டுப்பட்டு நிற்கும். கோதுமை மா விலை 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது ஏறியவேளை, பல வீடுகளில் அரிசி மா அந்த இடத்திற்கு வந்தது. வறுத்த சிவப்பரிசி மாவும் நன்றாகவே பொருந்தும். ஆனால் முட்டையைக் குறைக்கலாகாது.

பனங்கட்டியைச் சுரண்டி இரண்டு மேசைக்கரண்டி அளவெடுத்து, சிறிது இளஞ்சூட்டு நீரிற் கரைத்து, துணியில் வடித்தல் வேண்டும். வடிக்காவிட்டால் குட்டானின் ஓலைத்துணுக்கும் மண்ணும் பல்லிற்படும். வடித்த பாகு ஆறியபின் பழத்துடன் சேர்த்து, தேங்காயின் இரண்டாம் பால் அரைக் கோப்பையைச் சிறிது சிறிதாக ஊற்றி, தோசை மாவினும் சற்றுத் தடிப்பாகக் கரைத்து, கால் மணி நேரம் மூடிவைத்துவிடவேண்டும். குரக்கன் மா நீரை உறிஞ்சி இறுகுமாதலின், சுடுமுன் இன்னும் ஒரு கரண்டி பால் தேவைப்படலாம்.

கல் அதிகம் காயக்கூடாது. பழவினிப்பும் பனங்கட்டியும் விரைவிற் கருகிவிடும். வெளியே கரியும் உள்ளே பச்சை மாவுமாக வருவதற்கு அடுப்பின் வேகமே காரணம். நல்லெண்ணெய் ஒரு துளி தடவி, உள்ளங்கையளவு ஊற்றி, மேலே சிறு குமிழிகள் தோன்றி உடைந்த பின்னரே திருப்பிப் போடவேண்டும். இவ்வளவிற்கு எட்டுப் பண்டங்கள் வரும்.

பனம்பழத்திலும் இதனைச் செய்யலாம். அதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். பழத்தின் மேற்றோலை உரித்து, தும்பினைக் கையாற் பிசைந்து களியைப் பிரித்து, துணியில் வடித்தெடுக்கவேண்டும். களியின் செம்மஞ்சள் நிறத்தைத் தருவது கரோட்டீன் வகைச் சத்து. உடல் அதிலிருந்து விற்றமின் ஏயை ஆக்கிக்கொள்கின்றது. எல்லாப் பனையின் பழமும் ஒரே சுவையுடையதன்று. சில பழங்கள் இனிக்கும், சில கசக்கும். கசப்பிற்குக் காரணம் பிளபெலிபெரின் என ஆய்வாளர் பெயரிட்ட பொருள்களாகும். எந்த மரத்துப் பழம் இனிக்கும் என்பது அவ்வீட்டு ஆச்சிமாருக்கு ஆய்வுகூடம் இன்றியே தெரியும். வடித்த களியை அடுப்பில் வைத்துத் துழாவிக் காய்ச்சி, பச்சை மணம் போய்த் தடித்தபின் இறக்கி ஆறவிட்டு, மாவைச் சேர்த்துப் பிசைந்து, கிள்ளி எண்ணெயில் இடுவதே பழைய பனங்காய்ப் பணியாரம். அதன் சுவைக்கு ஈடில்லைதான். எனினும், நாள்தோறும் எண்ணெயிற் பொரித்த பண்டத்தைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. அதே களியைத் தேங்காய்ப்பாலில் இளக்கி, மேற்சொன்ன மாக்கலவையுடன் சேர்த்துக் கல்லிற் சுட்டால், எண்ணெய்ச் செலவு ஒரு தேக்கரண்டியுடன் முடிந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. பனங்கட்டி இயற்கையானது, ஆகவே நீரிழிவுக்காரருக்குத் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கை நம்மவரிடையே வேரூன்றியிருக்கின்றது. கோப்பைக் கோப்பையாகப் பனங்கட்டித் தேநீர் குடித்துவிட்டு, சீனியைத் தொடுவதேயில்லை என்று வைத்தியரிடம் பெருமையுடன் கூறும் முதியவர் ஊருக்கு ஊர் உண்டு. அந்த நம்பிக்கை ஆபத்தானது. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசி இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சியெடுப்பதே பனங்கட்டி; அதன் பெரும்பகுதி சீனியிலுள்ள அதே வெல்லந்தான். தாதுப்பொருள்கள் சிறிது எஞ்சியிருப்பது உண்மை. ஒரு கரண்டியில் அவை வருவது சொற்பம். கித்துள் பாணிக்கும் தேனுக்கும் இதே கணக்கு. பாணியிலே வெள்ளைச் சீனியைக் காய்ச்சிக் கலந்து விற்போரும் இருப்பதால், அறிந்த இடத்தில் வாங்குவதே நன்று.

உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டல், சேர்க்கப்படும் சீனி, தேன், பாணி, பழச்சாறு ஆகியவற்றிலுள்ள வெல்லம் அனைத்தையும் ஒன்றாகவே எண்ணி, அது நாளுணவின் சக்தியிற் பத்திலொரு பங்குக்குக் குறைவாகவும், இயலுமாயின் இருபதிலொரு பங்குக்குக் குறைவாகவும் இருக்கவேண்டும் என்கின்றது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு இருபதிலொரு பங்கு ஏறத்தாழ 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. மூன்று கோப்பைத் தேநீரில் அது தீர்ந்துவிடும். சிறுபிள்ளைக்கு இன்னும் குறைவு. முழுப் பழத்திலுள்ள இனிப்பு இக்கணக்கிற் சேராது. பழத்தைச் சாறாகப் பிழிந்துவிட்டாலோ, சேர்ந்துவிடும். ஆகவேதான் பழத்தை மசித்து நாருடன் சேர்ப்பதும், பனங்கட்டியை எட்டுப் பண்டங்களுக்கு இரண்டு கரண்டியுடன் நிறுத்துவதும் பொருத்தமாகின்றன. நீரிழிவுள்ளவர் அந்த இரண்டு கரண்டியையும் விட்டுவிட்டு, ஒரு பண்டத்தோடு அமைவது நலம். பழமும் மாவுங்கூட இரத்தத்தில் வெல்லத்தை உயர்த்தக்கூடியவையே. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எவ்விதத்திலும் கொடுக்கலாகாது. அதிலிருக்கக்கூடிய நச்சுக்கிருமியின் வித்துக்கள் குழந்தையின் குடலில் முளைத்து உயிருக்கே ஆபத்து விளைவிக்கலாம்.

இனிப்பு மிகுதியிற் பழகிய நாவுக்கு முதல் இரண்டு நாள் இப்பண்டம் சப்பென்றிருக்கும். பிள்ளை முகஞ் சுளித்தால், மேலே சீனி தூவுவதற்குப் பதிலாகத் தேங்காய்ப்பூவையும் நறுக்கிய பழத்துண்டுகளையும் வைத்துக் கொடுக்கலாம். களியெடுத்த பனங்கொட்டையை எறிந்துவிட வேண்டாம். ஈரமண்ணிற் பாத்தியிட்டு அடுக்கினால், தைப்பொங்கலை ஒட்டிக் கிழங்கு கிண்டலாம்.