கடல் கடந்த வங்கி வேலை

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு வங்கித் தேர்வுப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளைக் காலைப் பேருந்தில் பார்த்திருப்பீர்கள். மடியில் கணக்குப் புத்தகம், விரலிடுக்கில் பேனா. அவர்களில் சிலருக்குச் சிங்கப்பூர் வங்கியில் வேலை பார்க்க ஆசை. நல்ல ஆசைதான், நமக்குப் புதிதும் இல்லை. 1937 பிப்ரவரி 10-ல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது, காரைக்குடி, சென்னையோடு பர்மாவின் ரங்கூனிலும் அன்றே கிளை திறந்தார்.

இன்று வாசல் கொஞ்சம் குறுகல். சிங்கப்பூரில் நிதித்துறை வேலைக்கு வரும் வெளிநாட்டவர் ‘எம்ப்ளாய்மென்ட் பாஸ்’ என்னும் வேலை அனுமதி பெறுவதற்கான குறைந்தபட்ச மாதச் சம்பளம், 2025 ஜனவரியில் 6,200 சிங்கப்பூர் டாலராக உயர்ந்தது. வயது ஏற ஏற அந்தத் தொகையும் ஏறும். பட்டம் வாங்கிய கையோடு அந்தச் சம்பளம் கிடைப்பது அரிது. முதலில் நம்மூர்க் கிளை ஒன்றில் சேருங்கள். கடன் விண்ணப்பம், அந்நியச் செலாவணி இரண்டிலும் கை பழகட்டும். பிறகு சிங்கப்பூருக்கு முயலலாம்; இந்தியன் வங்கிக்கும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கும் அங்கே கிளை உண்டு.

“வேலை வாங்கித் தருகிறேன்” என்று யாராவது பணம் கேட்டால், மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பதிவு பெற்ற முகவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.