பழுது அறிந்து பழுது பார்த்தல்

பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நான் மீண்டும் மாணவனானது ஒரு கார்க் கொட்டகையில். சென்ற ஆண்டு, இங்கிலாந்தில் காவன்ட்ரி நகரில் உத்தியோகம் பார்க்கும் என் மகனுடன் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அவன் 1966ஆம் ஆண்டில் செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்னும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தான். இவ்வகைக் கார்கள் ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள ஆபிங்டன் என்னும் ஊரில், 1962 முதல் 1980 வரை, ஐந்து லட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்டன. நான்கு சிலிண்டர், 1,798 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, இரண்டு கார்புரேட்டர். இவையே அதன் யந்திரத்தின் ஜாதகம். கம்ப்யூட்டர் அதில் கிடையாது. நடப்பதைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டு அறியலாம். பௌதிகம் கற்பித்துக் காலங்கழித்த எனக்கு அதைவிட நல்ல ஆய்வுக்கூடம் எது?

அந்தக் காருக்கு ஒரு நோய் இருந்தது. புறப்பட்ட இருபது நிமிஷத்தில் திணறி நின்றுவிடும். அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடவாததுபோல் கிளம்பும். "கார்புரேட்டர்தான் காரணம், அப்பா" என்றான் மகன். புதிய கார்புரேட்டர்கள், எலெக்ட்ரானிக் பற்றவைப்புக் கருவி, மின்விசிறி எல்லாம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருந்தன. சனிக்கிழமையன்றே அனைத்தையும் மாட்டிவிட வேண்டுமென்பது அவன் எண்ணம்.

"எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றியபின் கார் ஓடினால், எது பழுதாயிருந்தது என்று எப்படி அறிவாய்?" என்று கேட்டேன்.

"ஓடினால் போதாதா, அப்பா?" என்றான்.

அந்த விடை என்னைச் சுட்டது. ஏனெனில், ஒரு காலத்தில் நானும் அதே விடையைச் சொன்னவன். நான் தலைமையாசிரியனாயிருந்தபோது ஓராண்டு பத்தாம் வகுப்பில் கணிதத் தேர்ச்சி மிகக் குறைந்தது. மறு ஆண்டு கணித ஆசிரியரை மாற்றினேன். பாடவேளையைக் காலைக்குக் கொண்டுவந்தேன். வாரந்தோறும் தேர்வும் வைத்தேன். தேர்ச்சி உயர்ந்தது; எல்லோரும் பாராட்டினார்கள். அம்மூன்றில் எதனால் உயர்ந்தது என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதை மகனிடம் சொன்னேன். பெட்டிகளைப் பிரிக்காமல் ஓரமாக வைத்தான். நாங்கள் சோதனையைத் தொடங்கினோம்.

பெட்ரோல் யந்திரம் ஓடுவதற்கு மூன்று வேண்டும்: பெட்ரோலும் காற்றும் அளவாய்க் கலந்த கலவை, அதை நெருக்கும் அழுத்தம், தக்க கணத்தில் ஒரு மின்பொறி. ஆறியபின் நன்றாக ஓடுவதால் அழுத்தத்தில் குறையிராது என்று கொண்டோம். எஞ்சியவை இரண்டு. கார் நின்றவுடன் பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு ஜாடியில் பிடித்தோம், தங்குதடையின்றிப் பாய்ந்தது. ஜாடியை அகற்றி, குழாயை மாட்டி, சிந்தியதைத் துடைத்துக் காற்றாட விட்ட பின்னரே பொறியைச் சோதித்தோம். பெட்ரோலையும் பொறியையும் ஒரே வேளையில் சோதிப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

உபரி பிளக் ஒன்றைக் கம்பியில் செருகிப் பார்த்தோம். குளிர்ந்த வேளையில் நீலமாய்த் தெறித்த பொறி, சூடேறிய வேளையில் மெலிந்து மஞ்சளாய்த் தோன்றியது. ஆகவே குற்றம் பற்றவைக்கும் பகுதியிலே. காயிலை மட்டும் மாற்றினோம், நோய் தீரவில்லை. பழைய காயிலையே திரும்ப வைத்து, கண்டன்ஸரை மட்டும் மாற்றினோம். அன்று ஐம்பது மைல் தடையின்றி ஓடினோம். அதோடு நில்லாமல், பழைய கண்டன்ஸரை மீண்டும் மாட்டிப் பார்த்தோம். இருபதாம் நிமிஷத்தில் கார் நின்றது. அப்போதுதான் பழுது இன்னதென்று உறுதியாயிற்று.

கண்டன்ஸர் சுண்டுவிரல் அளவுள்ள சிறு உருளை. காயிலில் ஓடும் மின்னோட்டத்தைப் பாயிண்ட் என்னும் தொடுமுனைகள் திடீரென்று துண்டிக்கும்போது காந்தப் புலம் சரிகிறது. அச்சரிவினால், 1831இல் பாரடே கண்டறிந்த மின்தூண்டல் விதிப்படி, உயர்ந்த மின்னழுத்தம் பிறக்கிறது. புலம் விரைந்து சரிந்தாலன்றிப் பொறி வலுவாயிராது. துண்டிக்கும் கணத்தில் மின்சாரம் தொடுமுனைகளுக்கிடையே தாவாதபடி அதனைத் தன்னுள் ஏற்பதே கண்டன்ஸரின் வேலை. முதுமையால் அது சூட்டில் சோர்ந்துவிட்டது. சில பவுன் விலையுள்ள அதற்காக, பல நூறு பவுன் விலையுள்ள கார்புரேட்டர்களை வாங்கியிருந்தோம்! கடைக்காரர் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இனி வேகத்தைக் கூட்டலாமென்றான் மகன். முதலில் நிற்கும் ஆற்றலைப் பார்ப்போம் என்றேன். வண்டியை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்திச் சக்கரங்களைக் கழற்றினோம். பின்சக்கரம் ஒன்றின் உட்புறம் ஈரமாயிருந்தது. பிரேக் திரவம் கசிந்துகொண்டிருந்தது. இக்காலக் கார்களில் பிரேக்குக்கு இரண்டு தனிச் சுற்றுகள் உண்டு. ஒன்று கெட்டாலும் மற்றொன்று காக்கும். 1966ஆம் ஆண்டுக் காரிலோ நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சுற்று. ஓரிடத்தில் உடைந்தால் கால்மிதி முழுவதும் வீண். ஐம்பது மைல் ஓட்டத்தில் மகிழ்ந்திருந்த நாங்கள் அக்கசிவைக் கண்டு வாயடைத்துப்போனோம். வீல் சிலிண்டர்கள், ரப்பர்க் குழாய்கள், திரவம் ஆகியவற்றைப் புதுப்பித்து, அனுபவமிக்க மெக்கானிக் ஒருவரைக் கொண்டு சோதித்த பிறகே காரைத் தெருவில் இறக்கினோம்.

அதன்பின் முகப்பு விளக்குகள். பாட்டரியில் 12.4 வோல்ட் இருக்க, விளக்கின் முனையில் 10.3 வோல்ட்டே இருந்தது. துருவேறிய இணைப்புகளைச் சுரண்டி ரிலே ஒன்றைச் சேர்த்தவுடன் ஒளி பெருகியது. எலெக்ட்ரானிக் பற்றவைப்புக் கருவியைக் கடைசியில்தான் மாட்டினோம். அதிலும் எச்சரிக்கை வேண்டியிருந்தது. அந்தக் காரில் பாட்டரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது. இக்காலக் கார்களில் எதிர்முனை. முனையறியாமல் இணைத்தால் புதிய கருவி கணத்தில் கருகும்.

மாணவ நண்பர்களே, புதுமை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பழுதை அறிந்தபின் வரும் புதுமை பயன் தரும். அறியாமையை மறைக்க வரும் புதுமை பணத்தை விழுங்கும். ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுங்கள். விளைவைக் குறித்து வையுங்கள். காப்பதை முதலிலும் களிப்பதைப் பின்னும் செய்யுங்கள்.

ஊர் திரும்பியதும் அந்தக் கணித ஆசிரியரைத் தேடிச் சென்றேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். "அன்று உங்களை மாற்றியதற்கு என்னிடம் காரணம் இருந்ததில்லை" என்று சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "நீங்கள் வந்து கேட்பீர்கள் என்று அந்த ஆண்டு முழுவதும் காத்திருந்தேன், சார்" என்றார்.

அவரைக் கேட்டறிய எனக்குப் பத்து நிமிஷம் போதுமாயிருந்திருக்கும்.